பன்னிரண்டு கிலோமீட்டர்

பழைய கார் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வீட்டு வாசலிலேயே படுத்துவிட்டது. பதினொரு வருடம் உழைத்த டீசல் வண்டி. மெக்கானிக்காக இருக்கும் கூடப்பிறந்த தம்பி வந்து முன்மூடியைத் திறந்து, டார்ச் அடித்து அரை மணி நேரம் குனிந்து பார்த்தான். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, இனிமேல் இதற்குச் செலவழிப்பது வீண், வேறு வண்டி பார்த்துக்கொள்ளுங்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அக்காவுக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. எந்த வண்டி வாங்குவது என்பதிலும் குழப்பம் இல்லை. அவள் கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதனை செய்பவள். நாள் முழுக்க மற்றவர்களின் பார்வையை அளந்து அளந்து, எதையுமே அளந்து பார்த்தால்தான் நம்புவாள் என்று ஆகிவிட்டிருந்தது. அன்று சாயங்காலம் மகளுடைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். கணவர் வேலை பார்ப்பது ஊருக்கு வெளியே, அணைக்குக் கீழே உள்ள பெரிய குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில். அங்கே அவர் நான்கு வருடமாகச் சூப்பர்வைசர். போக தொண்ணூறு கிலோமீட்டர், வர தொண்ணூறு. வாரத்தில் ஆறு நாள். இவ்வளவு ஓடுகிறவனுக்கு டீசல்தான் லாபம் என்பதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. தாளின் கீழே ‘டீசல்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டாள்.

இரவுச் சாப்பாட்டின்போது அதைக் கணவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். நிதானமாகப் படித்தார். பிறகு தாளை மடித்துத் தண்ணீர்ச் செம்புக்கு அடியில் வைத்தார்.

“டீசல் வேண்டாம். பெட்ரோல் வண்டி எடுப்போம்.”

அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று இருந்தது. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவர் இப்படி ஒன்றைத் தீர்மானமாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. சட்டை வாங்கப் போனாலும், சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்றாலும், மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்றாலும் அவரிடமிருந்து வருவது ஒரே பதில்தான்: உனக்கு எது சரின்னு படுதோ அது. அதைச் சலிப்போடு சொல்ல மாட்டார், உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொல்வார். அந்த மனிதர் இன்று பிடித்த பிடியில் நின்றார்.

ஏன் என்று கேட்டாள். டீசல் வண்டி சத்தம் அதிகம் என்றார். இப்போது வருகிற வண்டிகளில் சத்தமே இல்லை என்றாள். புகை என்றார். நீங்கள் எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் என்றாள். குளிர் நாளில் கிளம்பச் சண்டித்தனம் செய்யும் என்றார். பதினொரு வருடம் எந்தக் குளிரிலும் கிளம்பிய வண்டிதானே வாசலில் கிடக்கிறது என்றாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய், கழுவிய தட்டையே இன்னொரு தரம் கழுவினார்.

“அப்பாவுக்கு ஏதோ ஆயிடுச்சு” என்றாள் பதினாலு வயது மகள், ஆச்சரியத்தோடு.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். அவர் இறங்கி வரவில்லை. வண்டி இல்லாததால் அவருடன் வேலை பார்க்கும் ஒருவர் காலை ஐந்தேகாலுக்குத் தெருமுனையில் வந்து ஏற்றிக்கொண்டு போனார். அந்தச் சக ஊழியர் இந்த மாதத்தோடு நீண்ட விடுப்பில் போகப் போகிறவர். மாதக் கடைசிக்குள் கார் வாங்கியாக வேண்டும். மூன்றாம் நாள் கடை விட்டதும் அவள் நேரே தம்பியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள்.

தம்பியை அந்தப் பக்கத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘டீசல்’ என்றால்தான் தெரியும். டீசல் எஞ்சினைத் தவிர வேறு எதையும் தொட மாட்டான். யாராவது பெட்ரோல் வண்டியைக் கொண்டுவந்தால், தையல் மெஷினுக்கெல்லாம் அடுத்த தெருவில் ஆள் இருக்கிறார் என்று திருப்பி அனுப்புவான். அப்படிப்பட்டவன் வாயால் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போனால் போதும், கணவர் அடங்கிவிடுவார் என்பது அவள் கணக்கு.

தம்பி ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அவள் அந்தக் காலிடம் விஷயத்தைச் சொன்னாள். உள்ளேயிருந்து ஸ்பானர் ஓசை வந்துகொண்டிருந்தது, அவள் பேச்சு முடிந்ததும் நின்றது.

“மாமா என்ன சொல்றாரு?” என்று கேட்டான்.

“பெட்ரோலாம்.”

அந்தக் கால் ஒரு தடவை மடங்கி நீண்டது. பிறகு, “அப்ப பெட்ரோலே எடுங்கக்கா” என்றான்.

அவள் அப்படியே நின்றாள். வெளியே வா என்றாள். வர மறுத்தான். நட்டு ஒன்று பாதியில் இருக்கிறது, விட்டுவிட்டு வந்தால் எண்ணெய் கொட்டிவிடும் என்றான். பெட்ரோல் எஞ்சின் இப்போதெல்லாம் நன்றாக வருகிறது, பராமரிப்புக் குறைவு என்று லாரியின் வயிற்றைப் பார்த்தபடியே எதையெதையோ சொன்னான். ஒரு நாளைக்கு நூற்று எண்பது கிலோமீட்டருக்கா என்று அவள் கேட்டாள். ஸ்பானர் ஓசை மறுபடியும் ஆரம்பித்தது. அக்காவின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. அதனால்தான் லாரிக்கு அடியிலிருந்து வரவில்லை என்பது அவளுக்கு வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது.

இரண்டு பேரும் எதையோ மறைக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்கு நிம்மதி போய்விட்டது. நெடுந்தூரம் ஓட்டுகிறவனுக்கு டீசல், பக்கத்தில் போய்வருகிறவனுக்குப் பெட்ரோல். அவ்வளவுதானே விஷயம். இவர் பெட்ரோல் கேட்கிறார் என்றால் இனிமேல் தூரம் போகப்போவதில்லை என்று அர்த்தம். வேலை போய்விட்டதா? போயிருந்தால் தினமும் விடியற்காலையில் எழுந்து எங்கே போகிறார்? நிலையத்து அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டுவிடலாம் என்று ஒரு தடவை போனைக் கையில் எடுத்தாள். என் வீட்டுக்காரர் அங்கேதான் வேலை பார்க்கிறாரா என்று எந்தப் பெண் கேட்பாள்? வைத்துவிட்டாள். வேறு எங்காவது மனசு போய்விட்டதோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. காலுறையின் ஜோடியைத் தேடிக் கண்டுபிடிக்க இன்னொரு ஆளைக் கூப்பிடுகிறவர் அந்த அளவுக்கெல்லாம் போக மாட்டார் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அடங்கியபோதுதான் மூன்றாவது நினைப்பு வந்தது. டாக்டர் ஏதாவது சொல்லியிருக்கிறாரோ? இன்னும் கொஞ்ச நாள்தான், அதற்கு எதற்கு அதிக விலை கொடுத்து டீசல் வண்டி என்று நினைக்கிறாரோ?

யோசித்துப் பார்த்தால் எல்லாமே பொருந்தி வந்தது. மூன்று மாதமாக மனிதர் இளைத்திருக்கிறார். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருக்கிறது. சாப்பிடும்போது பாதியில் கையை நிறுத்திவிட்டு எங்கேயோ பார்க்கிறார்.

மறுநாள் கடையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டத்தில் ஒரு லென்ஸைப் போட்டு, அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, இது தெளிவாக இருக்கிறதா முன்னால் போட்டது தெளிவாக இருந்ததா என்று கேட்டாள். இரண்டும் ஒன்றுதான் என்றார் அவர். இன்னொரு தடவை மாற்றினாள். இப்போதும் ஒன்றுதான் என்றவர், சற்றுத் தயங்கிவிட்டு, “அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க ஒரே கண்ணாடியைத்தான் எடுத்து எடுத்துப் போடுறீங்க” என்றார்.

அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். வீட்டுக்குப் போனதும் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். போனதும், கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயத்தில் மென்று முழுங்கிவிட்டாள். சனிக்கிழமை ஷோரூமுக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டாள். போகலாம் என்றார்.

மகள் படிக்க வேண்டும் என்று சொல்லி வரவில்லை. டீசலோ பெட்ரோலோ, சிவப்பு மட்டும் வாங்கிவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

ஷோரூமில் தரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. இருவரும் அதில் வழுக்கிவிடாமல் மெதுவாக நடந்தார்கள். விற்பனைப் பெண் ஒருத்தி சிரித்த முகத்தோடு வந்து உட்கார வைத்தாள். ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு, எத்தனை பேர் போவீர்கள், யார் ஓட்டுவீர்கள் என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தாள்.

“ஒரு நாளைக்குச் சராசரியா எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?”

“நூத்தி எண்பது” என்றாள் அவள்.

“பன்னெண்டு” என்றார் அவர்.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் மேஜைமேல் வந்து விழுந்தன. விற்பனைப் பெண் பேனாவைத் தாளின்மேல் வைத்தபடியே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பெண் எத்தனையோ குடும்பங்களுக்கு வண்டி விற்றவள் போலிருக்கிறது. பேனாவை மூடிவிட்டு எழுந்தாள்.

“நான் காபி சொல்லிட்டு வர்றேன். நீங்க அதுக்குள்ள அந்தச் சாம்பல் கலர் வண்டியில உக்காந்து பாருங்க. டீசல்தான். கதவைச் சாத்திட்டீங்கன்னா உள்ள பேசுறது வெளிய கேக்காது. அதாவது, வெளிச் சத்தம் உள்ள கேக்காது.”

போய் உட்கார்ந்தார்கள். அவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால், அவள் பக்கத்தில். கதவு சாத்தியதும் வெளிச் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. புது ரப்பர் வாசனை அடித்தது. அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“பன்னெண்டுன்னா என்ன கணக்கு?” என்று கேட்டாள்.

“போக ஆறு. வர ஆறு.”

“எங்க போக?”

“பாலம் தாண்டி மேட்டுல பம்ப் ஹவுஸ் இருக்குல்ல. அங்க.”

“வேலை போயிடுச்சா?”

“போகல. மாத்திக்கிட்டேன். நானேதான் எழுதிக் கொடுத்தேன்.”

இத்தனை நாள் கேட்கப் பயந்ததை அவள் கேட்டுவிட்டாள்.

“உடம்புக்கு ஏதாவதா?”

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, பதறிப்போய்விட்டார். “ஐயோ, உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. சத்தியமா ஒண்ணும் இல்ல” என்றார்.

அவள் இருக்கையில் சாய்ந்தாள். இரண்டு நாளாக இழுத்துப் பிடித்திருந்த மூச்சு அப்போதுதான் முழுசாக வெளியே வந்தது. இனி அவர் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது.

“சரி, சொல்லுங்க” என்றாள்.

அவர் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தபடியே சொன்னார். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள், அடுத்த ஷிப்டுக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் காலையில் கிளம்பினார். நல்ல வெயில். சாலையில் கூட்டமும் இல்லை. பாதி தூரம் வந்திருப்பார். ரேடியோவில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

“அப்புறம்?”

“தூங்கிட்டேம்மா.”

கண் விழித்தபோது நான்கு பக்கமும் பச்சையாக இருந்ததாம். முதலில் ஒன்றும் புரியவில்லை. மக்காச்சோளக் கொல்லை. வண்டி சாலையை விட்டிறங்கி, சோளத்தை மடக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றிருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. செய்தி இன்னும் முடியவில்லை. அவர் மேல் ஒரு கீறல்கூட இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். வண்டி இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. 

கொல்லைக்காரர் ஓடிவந்து, திட்டப் போகிறார் என்று நினைத்தால், தண்ணீர் கொடுத்து நிழலில் உட்கார வைத்தாராம். கணவர் அவளுடைய தம்பிக்குப் போன் செய்தார். தம்பி லாரி கொண்டுவந்து வண்டியை இழுத்து, அடியில் சிக்கியிருந்த சோளத் தட்டையை எல்லாம் பிடுங்கி, கோணிய பம்பரை நிமிர்த்திக் கொடுத்திருக்கிறான். வண்டி நிறுத்துமிடத்துத் தூணில் இடித்துவிட்டேன் என்று அன்று வீட்டில் சொன்னது அதைத்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தச் சாலையில் ஓட்டுவது அவருக்குக் கண்டமாகிவிட்டது. ஜன்னலை இறக்கிவிட்டுக் காற்று முகத்தில் அடிக்க ஓட்டினார். மிளகை வாயில் போட்டு மென்றார். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி முகம் கழுவினார். தூக்கம் வருமோ என்ற பயத்திலேயே வீட்டில் படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. அப்போதுதான் அந்த மேட்டு பம்ப் ஹவுஸில், அதாவது உள்ளூர் நீரேற்று நிலையத்தில், ஆபரேட்டர் இடம் ஒன்று காலியாவதாகக் கேள்விப்பட்டார். சூப்பர்வைசருக்கு ஒரு படி கீழே. சம்பளமும் குறையும். எழுதிக் கொடுத்துவிட்டார். போன திங்கட்கிழமை ஆர்டர் வந்தது.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

அவர் ஸ்டியரிங்கின் தையலை விரலால் தடவினார். “நான் சூப்பர்வைசர் ஆனப்ப நீ எவ்வளவு சந்தோஷப்பட்டே. யார் வந்தாலும் அதைத்தான் சொல்லுவே. எங்க வீட்டுக்காரர் சூப்பர்வைசர், அவருக்குக் கீழ நாப்பது பேருன்னு. அதை எப்படி உன்கிட்டேர்ந்து பிடுங்குறதுன்னு தெரியல.”

அவளுக்குக் கோபம் வந்தது. அவர்மேல் பாதி, லாரிக்கு அடியில் படுத்திருந்தவன்மேல் பாதி. மூன்று மாதம், தினமும் நூற்று எண்பது கிலோமீட்டர், வாயில் மிளகோடு. அவள் பாட்டுக்குத் தாளில் கணக்குப் போட்டு இரண்டு கோடு இழுத்திருக்கிறாள். அவர் தோளில் கை முட்டியால் ஓங்கி ஒரு இடி இடித்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

“நாப்பது பேருன்னு சொன்னது எனக்காகன்னு நினைச்சீங்களா?” என்றாள். “நீங்க பக்கத்துல இருக்கிறப்ப மட்டும்தான் சொல்லுவேன். கேட்டா உங்களுக்கு நல்லா இருக்கும்னு சொன்னேன்.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான்கு வருடமாக ஒருநாளாவது அவள் நிம்மதியாக இருந்திருக்கிறாளா? சாயங்காலம் ஆறரை ஆகிவிட்டால் அவளுக்கு எந்த வேலையும் ஓடாது. அடுப்பில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. மகள் பள்ளிக்கூடத்துக் கதை சொன்னால் தலையை ஆட்டுவாள், ஒரு வார்த்தை ஏறாது. மழை நாளில் கேட்கவே வேண்டாம். அந்த வேலையை விட்டுவிடுங்கள் என்று நூறு தடவையாவது வாய்வரை வந்திருக்கும். ஆனால் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் கிளம்புகிற அழகைப் பார்த்தால் சொல்ல மனசு வராது. ஆசையாகச் செய்கிற வேலை, கெடுப்பானேன் என்று விட்டுவிடுவாள்.

“ஆசையா?” என்றார் அவர். “நாப்பது பேரோட லீவு லெட்டரைப் படிக்கிற வேலைம்மா அது.”

அவள்தான் முதலில் சிரித்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவருக்கும் தொற்றிக்கொண்டது. சிரிக்கும்போது அவர் கை எதிலோ பட்டு, முன்கண்ணாடியின் வைப்பர் இரண்டும் வேகமாக ஆட ஆரம்பித்தன. நிறுத்தத் தெரியாமல் அவர் ஒவ்வொரு பொத்தானாகத் தட்ட, விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது. அந்த வண்டியைப் பார்க்க வெளியே காத்திருந்த ஒரு குடும்பம் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றது. விற்பனைப் பெண் காபித் தட்டோடு வந்து கதவைத் திறந்து, கையை நீட்டி ஒரே அழுத்தில் எல்லாவற்றையும் நிறுத்தினாள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எழுதிக்கோங்கம்மா. பன்னெண்டு” என்றாள்.

“அப்படீன்னா டீசலை மறந்துடுங்க” என்றாள் அந்தப் பெண், தனக்கே ஒரு பாரம் இறங்கியதுபோல. கிட்டக் கிட்ட ஓட்டினால் புது டீசல் வண்டியில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அதைச் சுத்தமாக்க வாரத்தில் ஒருநாள் நெடுஞ்சாலையில் சும்மாவாவது ஓட்டிவிட்டு வரவேண்டியிருக்கும் என்று விளக்கினாள். நெடுஞ்சாலை என்றதும் கணவனும் மனைவியும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

பெட்ரோல் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். சின்ன வண்டி. ஊருக்குள்ளேயே ஒரு சுற்று. வீட்டுத் தெரு வழியாகப் போய்ப் பாலத்தைத் தாண்டி மேட்டில் ஏறி, வேலிக்கு வெளியே நிறுத்தி அந்த நீரேற்று நிலையத்தைக் காட்டினார். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரு கட்டடம், பெரிய தொட்டி, வேலி. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. அவள் ஓட்டுநர் பக்கத்து மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் வீட்டுத் தெருவிலிருந்து எண்ணினால் ஆறுகூட இல்லை, ஐந்தே முக்கால். வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அன்றைக்கே பதிவு செய்துவிட்டார்கள். வெள்ளை.

வீட்டுக்குப் போகும் முன் ஒர்க்‌ஷாப்பில் இறங்க வேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். இந்தத் தடவை தம்பி வெளியிலேயே நின்றிருந்தான். ஒளிய இடம் இல்லை. அக்கா நடந்து வரும் வேகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தான்.

“சொல்லிட்டீங்களா மாமா?”

“சொல்லிட்டேன் மாப்ள.”

தம்பி பக்கத்திலிருந்த டயர்மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். அக்கா திட்டத் தொடங்கினாள். கூடப் பிறந்தவன் என்று பேர், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, உன் நாக்கில் என்ன கிரீஸா பூசியிருந்தது என்று ஐந்து நிமிடம் விடாமல் திட்டினாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு தெளிவு வந்துகொண்டே இருந்தது. திட்டி முடித்ததும், “இன்னும் கொஞ்சம் திட்டுக்கா” என்றான். “மூணு மாசமா எனக்குச் சோறு இறங்கல. மாமா கிளம்புற நேரத்துக்கு எனக்கும் முழிப்பு வந்துடும். போய்ச் சேந்துட்டேன்னு அவர் போன் பண்ற வரைக்கும் படுக்க மாட்டேன்.”

அது அவளுக்குத் தெரியாது. கணவரைப் பார்த்தாள். தினமும் இரண்டு வேளை, போய்ச் சேர்ந்ததும் ஒன்று, கிளம்பும்போது ஒன்று என்று தம்பிக்குப் போன் செய்திருக்கிறார். அந்த நிபந்தனையின் பேரில்தான் அவன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். இந்த மாதக் கடைசிக்குள் நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று கெடுவும் வைத்திருக்கிறான். அவள் தம்பியின் தலையில் கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். கை முழுக்க எண்ணெய் ஒட்டிக்கொண்டது.

மகளிடம் அன்றே சொல்லிவிட்டார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சோளத்துக்காரருக்குப் பணம் கொடுத்தீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கொடுத்தேன், பாதிக்கு மேல் வாங்க மாட்டேன் என்றுவிட்டார் என்றார் அப்பா. சரி என்று எழுந்து போனவள், திரும்பி வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். பிறகு படிக்கப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் முதல் தேதி அவர் புது இடத்தில் சேர்ந்தார். காலை ஏழரைக்குக் கிளம்பினால் போதும். முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். அதற்கு நடுவில் மகள் மூன்று தடவை போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். சம்பளக் குறைவை ஈடுகட்ட அக்கா கடையில் சனிக்கிழமை அரை நாளையும் சேர்த்துக்கொண்டாள். அது ஒன்றும் பெரிய பாரமாக இல்லை. சாயங்கால நேரங்கள் அவளுக்குத் திரும்பக் கிடைத்திருந்தன.

மூன்றாவது வாரம் ஒருநாள் அவர் சாப்பாட்டுப் பையை மறந்து வைத்துவிட்டுப் போனார். அன்று அவளுக்கு விடுமுறை. ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனாள்.

நீரேற்று நிலையத்துக்குள் அவள் அதுவரை போனதில்லை. தரையைக் கழுவிவிட்டிருந்தார். உயரமான ஜன்னல்கள் வழியாக வெயில் விழுந்தது. மூன்று பெரிய பம்புகள், பச்சை நிறம் அடித்தவை, ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தன. அவர் ஒரு வால்வின் சக்கரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வா காட்டுகிறேன் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

ஒவ்வொரு பம்பாகக் காட்டினார். இது கொஞ்சம் வயதானது, காலையில் மெதுவாகத்தான் எழுப்ப வேண்டும். இது நல்ல பிள்ளை, ஒரு தொந்தரவும் கிடையாது. இது கோபக்காரி, அழுத்தம் கூடினால் கத்த ஆரம்பித்துவிடும். மேட்டுத் தொட்டி நிரம்ப எவ்வளவு நேரமாகும், எந்த வால்வைத் திறந்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும், காலையில் ஊர் எழுந்து குளிக்கும்போது அளவுமானியின் முள் எப்படி இறங்கும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். நான்கு வருடத்தில் அவர் தன் வேலையைப் பற்றி இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. பம்புகளின் ஓசையில் பாதி காதில் விழவில்லை. இருந்தாலும் அவள் குறுக்கிடாமல் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

“இங்க எனக்குக் கீழ யாருமே இல்ல” என்றார், ஏதோ பரிசு வாங்கியவர்போல. “இதுங்க மூணுதான். லீவே கேக்காது.”

வெளியே ஆட்டோக்காரர் காத்திருந்தார். கணவர் கேட் வரை அவளுடன் வந்தார். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் விடுவார் என்பதை அவள் ஏறி உட்காரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நம் தெருவுக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு, வேண்டுமானால் ஐந்து நிமிடம் முன்னாலேயே திறக்கிறேன் என்றார். அதெல்லாம் வேண்டாம், பக்கத்துத் தெருக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று அவள் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே கேட்டைச் சாத்திவிட்டு, பசிக்கிறது, போய்ச் சாப்பிடுகிறேன் என்று உள்ளே போனார்.